ரைனா, மோசலா? நான்கு நாள் கையில் இருந்தால் எந்தக் கரைக்குப் போவது

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்து விழும். "இந்த வருடம் ஜெர்மனி வருகிறோம். கோட்டை, பெரிய சர்ச், திராட்சைத் தோட்டம் மூன்றையும் பார்க்க வேண்டும். நாலு நாள் இருக்கிறது. எங்கே போகலாம்?" நாங்கள் குடியிருப்பது மைன்ஸ் நகரில். வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரைன் ஆறு. அதனால் சொந்தக்காரர்களுக்கு நான் சம்பளமில்லாத சுற்றுலா அலுவலகம். சித்தி வந்தார். அண்ணன் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். கல்லூரி நண்பன் ஒருவன் சைக்கிளோடு வந்தான். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு சொதப்பியது. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் வரைபடம் மனதில் பதியட்டும். தெற்கிலிருந்து வரும் ரைன், பிங்கன் ஊரைத் தாண்டியதும் மலைகளுக்கு நடுவே நுழைகிறது. அங்கிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஆழமான பள்ளத்தாக்கு. 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது இந்தத் துண்டுதான். படங்களில் நாம் பார்க்கும் 'ரைன் கோட்டைகள்' பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். மோசல், பிரான்ஸில் பிறந்து, லக்ஸம்பர்க் எல்லையை ஒட்டி வந்து, ட்ரியர் நகரைத் தொட்டு, பாம்புபோல வளைந்து வளைந்து அதே கோப்லென்ஸில் ரைனோடு சேர்கிறது. சேரும் முனைக்கு டாய்ச்செஸ் எக் என்று பெயர். குதிரைமேல் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் உட்கார்ந்திருக்கும் பிரம்மாண்டமான சிலை ஒன்று அங்கே உண்டு. முனையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மோசல், வலப்பக்கம் ரைன். குழப்பமே அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரைன் பள்ளத்தாக்கை ஒரே நாளில் நன்றாகவே பார்த்துவிடலாம். மோசலுக்கு ஒரு நாள் மட்டும் போய்விட்டு வந்தால், போகாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றும். ஆக, எது அழகு என்று கேட்பதைவிட, உங்களுக்கு எத்தனை இரவு இருக்கிறது, உடன் வருபவரின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பது உபயோகம்.

ரைன்: உட்கார்ந்தே பார்க்கலாம்

சித்திக்கு முழங்கால் வலி. பத்துப் படி ஏறினால் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அவரை ரூடெஸ்ஹைமில் காலைக் கப்பலில் ஏற்றி, மேல்தளத்தில் ஒரு நாற்காலி பிடித்து உட்கார வைத்தேன். சாங்க்ட் கோவார் வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படிகூட ஏறாமல் பத்துக்கு மேல் கோட்டைகளைப் பார்த்துவிட்டார். ஒன்று கண்ணிலிருந்து மறைவதற்குள் அடுத்த வளைவில் இன்னொன்று வந்துவிடும். இப்படி ஒரு வசதியை மோசல் தராது.

கப்பலில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ஆற்றின் போக்கில் போங்கள். அதாவது பிங்கன் அல்லது ரூடெஸ்ஹைமில் ஏறி, வடக்கே சாங்க்ட் கோவார் பக்கம். ரைனின் இழுப்பு சாதாரணமில்லை. இறங்கும்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கும் அதே தூரத்துக்கு ஏறும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்புவதற்கு ரயில் இருக்கிறது, அரை மணி நேர வேலை. இருபக்கக் கரையிலும் ஒரு வெள்ளைப் பலகையில் பெரிய எண்கள் தெரியும். போடன் ஏரிக்கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து கணக்கிட்ட ரைன் கிலோமீட்டர்கள் அவை. 554 வந்தால் லோரலைப் பாறை. கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ள இதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

லோரலை பற்றி ஒரு எச்சரிக்கை. 132 மீட்டர் உயரமுள்ள பாறை, அவ்வளவுதான். உச்சியில் அமர்ந்து தலைவாரிக்கொண்டே பாடிப் படகோட்டிகளை மயக்கிக் கவிழ்த்த பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு வருபவர்கள், "இதுவா?" என்று கேட்பார்கள். சித்தியும் கேட்டார். ஆனால் கீழே ஆற்றைப் பாருங்கள். நடு ரைன் எனப்படும் இந்தப் பள்ளத்தாக்கில் மிகவும் குறுகலான இடம் அதுதான். நீரோட்டம் சுழித்துக்கொண்டு போகும். படகுகள் கவிழ்ந்ததற்குக் காரணம் பாட்டு இல்லை என்று அப்போது புரியும்.

இத்தனை கோட்டைகள் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். சுங்கம். ரைனில் சரக்குப் படகு போகாமல் ஐரோப்பாவில் வியாபாரம் கிடையாது; அதனால் இடம் பிடித்த ஒவ்வொரு பிரபுவும் ஒரு கோட்டையைக் கட்டி வசூலுக்கு உட்கார்ந்தார். காவுப் ஊருக்கு எதிரே நட்டாற்றுப் பாறையில் நிற்கும் பால்ஸ்கிராஃபன்ஷ்டைன் அந்தத் தொழிலின் உச்சம். 1327 வாக்கில் பேரரசர் பவேரிய லுட்விக் கட்டியது, ஒரு கல் கப்பல் நங்கூரம் போட்டு நிற்பதுபோல இருக்கும். சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசன் அருகே கட்ஸ், மவுஸ் என்று இரண்டு கோட்டைகள். பூனை, எலி என்று அர்த்தம். எலி என்று கேலிப் பெயர் வாங்கியது ட்ரியர் பேராயருடைய கோட்டை. அந்த ட்ரியர் பேராயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மோசல் பக்கம் போகும்போது மறுபடி வருவார்.

ரைன் கோட்டைகளில் ஒரு உண்மையை யாரும் சொல்வதில்லை. நீங்கள் கப்பலிலிருந்து பார்த்து வாய்பிளக்கும் பல கோட்டைகள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டவை. பழையவற்றில் பலவற்றைப் பிரெஞ்சுப் படைகள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டன. 1815-க்குப் பிறகு இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்கு வந்ததும், இளவரசர்களுக்கு இடைக்கால மோகம் பிடித்து, இடிபாடுகளை வாங்கித் தங்கள் கற்பனைப்படி கட்டிக்கொண்டார்கள். ரைன்ஷ்டைன், ஷ்டோல்சன்ஃபெல்ஸ் எல்லாம் அந்த வகை. அழகில் குறையில்லை. ஆனால் நிஜமான பழங்கோட்டை வேண்டும் என்றால் பிரௌபாக் ஊருக்கு மேலே இருக்கும் மார்க்ஸ்புர்க் போக வேண்டும். நடு ரைனில் மலைமேல் இருந்தும் ஒருபோதும் தகர்க்கப்படாத ஒரே கோட்டை அது. உள்ளே ஏறும் பாதையே பாறையில் வெட்டிய, தேய்ந்து வழவழப்பான படிகள். சித்தியை அங்கே கூட்டிப்போகவில்லை. அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். சமையலறையையும் சித்திரவதைக் கருவிகளையும் பார்த்த பிறகு இரண்டு நாள் வேறு பேச்சே இல்லை. ஜப்பானில் மியாகோ தீவில் இந்தக் கோட்டையின் நகல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடிபாடு பிடிக்கும் என்பவர்களுக்கு சாங்க்ட் கோவார் மேலிருக்கும் ரைன்ஃபெல்ஸ். 1245-இல் கட்டத் தொடங்கி, ரைன் கரையிலேயே மிகப் பெரிய கோட்டையாக வளர்ந்தது. 1692-இல் பதினான்காம் லூயியின் பெரும்படை சூழ்ந்தபோதும் விழவில்லை. அப்படிப்பட்ட கோட்டையை நூறு வருடம் கழித்து, 1794-இல், ஒரு குண்டுகூடச் சுடாமல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் வெடி வைத்தார்கள். இப்போது இருப்பது மிச்சம்.

சரி, ரைனில் என்ன குறை? இரண்டு. ஒன்று, சத்தம். இரு கரையிலும் ரயில் பாதை, இரவெல்லாம் சரக்கு ரயில். பாறைச் சுவர்களுக்கு நடுவே அந்தச் சத்தம் எதிரொலித்து வரும். அண்ணன் குடும்பத்துக்கு ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு அறை பதிவு செய்து கொடுத்தேன். படத்தில் ஆறு தெரிந்தது. ஆற்றுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த தண்டவாளம் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்கு அண்ணி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: "ட்ரெய்ன் ரூமுக்குள்ள வருது." இன்னொன்று, பாலம் இல்லை. மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ஆற்றைக் கடக்க ஒரு பாலம்கூடக் கிடையாது, படகுத்துறைகள்தான். பகலில் அது சுகம், காரோடு படகில் ஏறி ஐந்து நிமிடத்தில் அக்கரை. இரவில் படகு நின்றுபோன பிறகு எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால், விடுதி கண்முன்னே தெரியும், போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் சுற்ற வேண்டும்.

மோசல்: தங்கினால்தான் பிடிபடும்

மோசல் வேறு சுபாவம். 1964-இல் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்காகத் தடுப்பணைகளும் மடைப்பூட்டுகளும் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) கட்டி அடக்கிவிட்டார்கள். அதனால் நீர் ஏரிபோல அசையாமல் கிடக்கும். காலையில் திராட்சை மலை தலைகீழாக அதில் தெரியும். ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றோடு போனால் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். நேர்கோட்டில் அதில் பாதிதான். அவ்வளவு வளைவு. அவசரக்காரர்களுக்கு இந்த ஆறு ஒத்துவராது.

சித்தியை அதே பயணத்தில் ஒரு நாள் கோகெமுக்கு அழைத்துப்போனது என் தவறு. காலையில் கிளம்பி, கோட்டைக்கு ஏற முடியாமல், கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். "ரைனே போதுமே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மோசலின் நேரம் மாலை ஆறு மணிக்கு மேல். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, ஊர்க்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும்போதுதான் அந்த ஊர்கள் விழித்துக்கொள்கின்றன. அதைப் பார்க்க அங்கே ஒரு இரவாவது தங்க வேண்டும்.

கோட்டைகளில் மோசலின் துருப்புச் சீட்டு எல்ட்ஸ். உண்மையில் அது மோசல் கரையில் இல்லை. எல்ஸ்பாக் என்ற ஓடையின் காட்டுக்குள் மறைந்திருக்கிறது. மோசல்கெர்ன் ரயில் நிலையத்தில் இறங்கி, ஓடையை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். ஒன்றரை மணி நேரம். கடைசி வளைவு வரை கோட்டை இருப்பதற்கான அறிகுறியே இருக்காது. திடீரென்று மரங்களுக்கு மேலே கூர்க்கோபுரங்கள் முளைக்கும். காரில் வந்தால் மேலே நிறுத்திவிட்டு இறங்கலாம், சின்ன வண்டியும் ஓடுகிறது. சீசனில் பேருந்து உண்டு. எந்தெந்தக் கிழமை என்று அந்த வருட அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் நடந்துதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பிள்ளைகள் புலம்பிக்கொண்டே வந்தார்கள், அந்த வளைவு வரும்வரை.

எல்ட்ஸ் கோட்டை 800 வருடங்களுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. போரில் தகர்க்கப்பட்டதும் இல்லை. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இந்தக் கோட்டைதான். எனக்கு அதில் பிடித்தது வேறு. குடும்பத்தின் மூன்று கிளைகள், ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடு கட்டி, கோட்டையை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அடுப்பு தனி, வாசல் ஒன்று. நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தை அறிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எல்லாக் கிளையும் கூடிப் பேசும் வீரர் கூடத்தில் கோமாளி முகங்கள் செதுக்கியிருக்கின்றன, கதவுக்கு மேல் ஒரு ரோஜா. கோமாளியைப்போல இங்கே மனதில் பட்டதைப் பேசலாம். ரோஜாவைத் தாண்டி வெளியே போனால் வாய் திறக்கக் கூடாது. வழிகாட்டி இதைச் சொன்னபோது அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், படம் எடுக்க அனுமதி இல்லை, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கோடை விடுமுறையில் மதியம் போனால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். காலை முதல் ஆளாகப் போங்கள்.

கோட்டைக்கு எதிரே காட்டுக்குள் ஒரு இடிபாடு இருக்கிறது: ட்ருட்ஸ்எல்ட்ஸ். 1331-இல் எல்ட்ஸ்காரர்களை வழிக்குக் கொண்டுவர, அவர்கள் தலைக்கு மேலேயே முற்றுகைக்கென்று ஒருவர் கட்டியது. அந்த ஒருவர் ட்ரியர் பேராயர் பால்டுயின். கோட்டை, பேராலயம், திராட்சைத் தோட்டம் மூன்றையும் தனித்தனிக் காட்சிகளாக நினைத்துக்கொண்டு வருகிறோம். இந்த நாட்டில் அவை ஒரே கணக்குப் புத்தகத்தின் மூன்று பக்கங்கள். மைன்ஸ், ட்ரியர், கொலோன் மூன்று நகரப் பேராயர்களும் 1356-ஆம் வருடப் பொன் ஆணைப்படி புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் மூவர். சுங்கம் வசூலித்ததும் அவர்கள், கோட்டை கட்டியதும் அவர்கள், மலைச்சரிவில் என்ன கொடி நட வேண்டும் என்று சொன்னதும் அவர்கள். 1787-இல் ட்ரியரின் கடைசிப் பேராயர்-இளவரசர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகம் நட ஏழு வருடம் கெடு கொடுத்தார். இன்று மோசல் என்றாலே ரீஸ்லிங் (வெள்ளை ஒயினுக்கான திராட்சை ரகம்) என்று ஆனதில் அந்த ஆணைக்கும் பங்கு உண்டு.

கோகெம் கோட்டை? தூரத்திலிருந்து பாருங்கள், போதும். 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததை, 1868-இல் பெர்லின் தொழிலதிபர் லூயி ராவெனே வாங்கித் தன் கோடைக்கால மாளிகையாகக் கட்டிக்கொண்டார். ஊருக்கு மேலே அது நிற்கும் நிலை பிரமாதம், உள்ளே பணக்காரர் வீடு. கோகெமில் நான் நிற்பது ஆற்றோரச் சுவர்களில் செதுக்கியிருக்கும் வெள்ளக் கோடுகளுக்கு முன்னால். 1993 டிசம்பர் கோடு என் தலைக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு கடையும் எப்படி அதற்குப் பிறகும் அதே இடத்தில் திறந்திருக்கிறது என்று யோசிப்பேன்.

கோகெமிலிருந்து பைல்ஷ்டைன் வரை ஒரு மணி நேரப் படகு. வழியில் மடைப்பூட்டுக்குள் படகு நுழைந்து, ஈரச் சுவர்களுக்கு நடுவே லிஃப்ட்போல மெல்ல மேலெழும். பிள்ளைகளுக்குக் கோட்டைகளைவிட இது பிடித்தது.

சரிவில் விளைவதும் குவளைக்கு வருவதும்

திராட்சைத் தோட்டத்தில் மோசலுக்கு ரைன் ஈடு கொடுக்காது. பிரெம் ஊரில் கால்மொன்ட் சரிவு இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று சொல்கிறார்கள், சில இடங்களில் 65 டிகிரி. அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் குட்டி இயந்திர வண்டியில்தான் ஆளும் கூடையும் போகின்றன. கொடிக்குக் கம்பிப் பந்தல் இல்லாத பழைய தோட்டங்களில் செடிக்கு ஒரு கழி நட்டு, இரண்டு கொடிகளை வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். தரையெல்லாம் பலகைக்கல் சில்லு. பகலில் வாங்கிய வெயிலை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுப்பது அந்தக் கல்தான். வீட்டுக் கூரையிலும் அதே கல், கோட்டைச் சுவரிலும் அதே கல். மாலையில் ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், இன்னும் சூடு இருக்கும்.

இந்த உழைப்புக்கு எப்போதும் கூலி கிடைத்ததில்லை. 1840-களில் மோசல் விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். ட்ரியரில் பிறந்த ஒரு இளம் பத்திரிகையாளர் 1843-இல் அவர்கள் துயரத்தைப் பற்றி எழுதினார். பெயர் கார்ல் மார்க்ஸ். அவர் பிறந்த வீடு ட்ரியரில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ரைன் பக்கம் சாய்கிறவர்களுக்கு ஆறுதல் இல்லாமல் இல்லை. ரூடெஸ்ஹைமை ஒட்டிய ரைன்காவ் பகுதியில் 1136-இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய எபர்பாக் மடம் இருக்கிறது. பழைய மரப் பிழியல் எந்திரங்கள் ஒரு கூடம் நிறைய நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு தேர் அளவு. கோடையில் உள்ளே நுழைந்தால் கல்லின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ரூடெஸ்ஹைமின் டிரோசல்காஸ்ஸ என்ற பிரபலமான குறுகிய சந்தில் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

எந்தக் கரையானாலும், ஒயின் வாங்கப் பெரிய கடைக்குப் போகாதீர்கள். ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு: விவசாயி தன் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ தன் ஒயினைத் தானே விற்கும் இடம். வருடத்தில் நான்கு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது, நாற்பது இருக்கைக்கு மேல் போடக் கூடாது என்று விதி. வாசலில் ஒரு பச்சைக் கொத்து தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் மாவிலை பார்த்து விசேஷம் என்று தெரிந்துகொள்வதுபோல. புளிப்பு தாங்காதவர்கள் 'ட்ரோக்கன்' என்று எழுதியதைத் தவிர்த்து 'ஃபைன்ஹெர்ப்' கேளுங்கள், லேசான இனிப்பு இருக்கும். வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் வந்தால் கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குத்தான் கூடுதல் விலை.

குடிக்காதவர்கள் 'ட்ராவுபன்சாஃப்ட்' கேட்டால் அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு வரும். சித்தி இரண்டு குவளை குடித்தார். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெங்காய அடை போன்ற ஸ்வீபல்கூக்கனைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலும் பன்றி இறைச்சித் துணுக்கு கலந்திருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செப்டம்பரில் வந்தால் ஃபெடர்வைசர் கிடைக்கும். பிழிந்த சாறு நுரைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டிலில் பிடித்து விற்பது; பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே உள்ள நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாயு பொங்கிக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள். கல்லூரி நண்பன் அந்த பாட்டிலைப் படுக்க வைத்துத் தன் சைக்கிள் பையில் திணித்தான். நானும் தடுக்கவில்லை. ட்ராபன்-ட்ரார்பாக் வந்து சேர்ந்தபோது பாஸ்போர்ட், சட்டை, சார்ஜர் எல்லாம் ஒரே இனிப்பு வாடை.

பேராலயங்கள்: இங்கேதான் திட்டம் மாறும்

பேராலயம்தான் முக்கியம் என்றால் கணக்கே வேறு. குறுகிய ரைன் பள்ளத்தாக்குக்குள் பெரிய பேராலயம் ஒன்றும் இல்லை. இரண்டு முனைக்கும் வெளியேதான் இருக்கின்றன. வடக்கே கொலோன், கோப்லென்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 1248-இல் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய 300 வருடம் அப்படியே நின்று, 1880-இல் முடிந்த கட்டிடம். 157 மீட்டர் உயரம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கழுத்து தானாக மேலே போகும். கோபுரம் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. தெற்கே எங்கள் மைன்ஸ், வோர்ம்ஸ், ஷ்பையர் என்று மூன்று செம்மணற்கல் பேராலயங்கள். மூன்றில் ஒன்றென்றால் ஷ்பையர். 1030 வாக்கில் சாலியப் பேரரசர்கள் தங்கள் அடக்க இடமாகத் தொடங்கியது. கொலோனின் ஊசி முனைகளுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வெறும் சுவர்களின் கனம் புதிதாக இருக்கும். மைன்ஸுக்கு வருகிறவர்கள் பேராலயத்தோடு நிறுத்தாமல் சாங்க்ட் ஷ்டெஃபான் சர்ச்சுக்கும் ஏறுங்கள். மார்க் ஷகால் வரைந்த நீலக் கண்ணாடி ஜன்னல்கள் அங்கே. மதிய வெயிலில் உள்ளே நின்றால் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல இருக்கும். என் ஊர் என்பதால் சொல்லவில்லை.

ஆனால் என் ஓட்டு ட்ரியருக்கு. ஜெர்மனியின் மிகப் பழைய பேராயர் ஆலயம் அது. 4-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சுவர் இன்னும் அதன் நடுவில் நிற்கிறது. வாசலில் ஒரு பெரிய கருங்கல் தூண் துண்டு சாய்ந்து கிடக்கிறது, டோம்ஷ்டைன். சர்ச் கட்ட ஆள் பற்றாமல், இங்கே பெரிய சாராயக்கடை கட்டுகிறோம் என்று பொய் சொல்லிப் பிசாசைத் தூண் சுமக்க வைத்தார்களாம். உண்மை தெரிந்ததும் அது கடைசித் தூணை எறிந்துவிட்டுப் போனதாம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி அந்தக் கல்லின் முதுகு கண்ணாடியாகிவிட்டது. அங்கிருந்து சில நிமிட நடையில் கான்ஸ்டன்டைன் பேரரசரின் 67 மீட்டர் நீள அரியணைக் கூடம், இன்னும் கொஞ்சம் நடந்தால் 2-ஆம் நூற்றாண்டின் போர்ட்டா நிக்ரா வாசல். அருங்காட்சியகத்தில் நோய்மாகன் ஒயின் கப்பலைத் தவறவிடாதீர்கள்: பீப்பாய் ஏற்றி, துடுப்பு வலிக்கும் ஆட்களோடு கல்லில் செதுக்கிய ரோமானியக் கல்லறைச் சிற்பம். மோசலில் ஒயின் வியாபாரம் எவ்வளவு பழையது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகஸ்டில் நெதர்லாந்து எல்லையருகே உள்ள கெவலார் மாதா திருத்தலத்துக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர்கள் கூடுவது தெரிந்ததே. அதற்காக வருகிறவர்கள் திரும்பும் வழியில் கொலோனையும் ஒரு நாள் ரைனையும் சேர்த்துக்கொள்வது எளிது. ட்ரியர் அவர்களுக்கு அதிகச் சுற்று.

நெக்கார் ஆற்றங்கரையில் ஹைடல்பெர்க் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கோட்டையும் பிரமாதம், அடித்தளத்தில் இருக்கும் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் பீப்பாயும் பிரமாதம். ஆனால் அது ஒரு ஊர். ஒரு பகலுக்குப் போதும்.

நடைமுறை

மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல்களும் பல கோட்டைகளும் ஈஸ்டர் முதல் அக்டோபர் இறுதிவரைதான். நவம்பரில் பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும். டிசம்பரில் மோசல் பக்கம் கிறிஸ்துமஸ் சந்தைக்காக மறுபடி உயிர் வரும். ட்ராபன்-ட்ரார்பாக்கில் பழைய நிலவறை ஒயின் கிடங்குகளுக்குள்ளேயே சந்தை போடுகிறார்கள். ரைனுக்கு இன்னொரு சிக்கல், வறட்சி. 2018 அக்டோபரில் காவுப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் வெறும் 25 சென்டிமீட்டர் காட்டியது. கோடை ரொம்பக் காய்ந்தால் கப்பல் ஓடுகிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். தடுப்பணைகள் இருப்பதால் மோசலில் அந்தக் கவலை குறைவு.

கார் இல்லாதவர்களுக்கு ரைன் சுலபம். ஒவ்வொரு ஊரிலும் ரயில் நிலையம், கப்பல் துறை. மோசலில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கோப்லென்ஸிலிருந்து கோகெம் தாண்டி புல்லாய் வரை ரயில் ஆற்றோடு வரும், அப்புறம் ஆற்றை விட்டுவிட்டு நேராக ட்ரியருக்குப் போய்விடும். மிக அழகான பெர்ன்காஸ்டல்-கூஸுக்கு ரயிலே கிடையாது, பேருந்துதான். ட்ராபன்-ட்ரார்பாக்குக்கு மட்டும் புல்லாயிலிருந்து ஒரு குட்டிக் கிளை ரயில் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் ரைன்லாந்து-பால்ஸ் மாநில நாள் டிக்கெட் ஒன்று எடுத்தால் போதும், வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகு செல்லும். கப்பலுக்கு அது செல்லாது. மோசல் சைக்கிள் பாதை மேடு பள்ளம் இல்லாதது. நண்பன் ட்ரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை நான்கு நாளில் ஓட்டி முடித்தான், பாட்டில் சம்பவம் உட்பட.

எங்கே தங்குவது? நடக்க முடியாத பெரியவர்கள் உடன் இருந்தால் கோப்லென்ஸ். பெரிய ஊர், லிஃப்ட் உள்ள விடுதிகள், ஆற்றுக்கு மேலே எஹ்ரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்குக் கம்பிவட ஊர்தி. ஒரு படி ஏறாமல் ஒரு கோட்டை. ஒரு நாள் ரைன் கப்பல், ஒரு நாள் ரயிலில் கொலோன், ஒரு நாள் சும்மா. இருவர் மட்டும் என்றால், அல்லது பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால், இரண்டு இரவு பெர்ன்காஸ்டல் அல்லது ட்ராபன்-ட்ரார்பாக், ஒரு இரவு ட்ரியர். இரண்டு ஆற்றையும் நாலு நாளில் முழுதாகப் பார்த்துவிடலாம் என்று ஒரு திட்டத்தோடு வருகிறவர்கள்தான் எப்போதும் களைத்துப்போய்த் திரும்புகிறார்கள். தங்குவது ரைன் பள்ளத்தாக்குக்குள்ளேதான் என்றால் அறை மலைப்பக்கமாகக் கேளுங்கள். ஆறு தெரியாது, தூக்கம் வரும்.

இந்த வருடம் கேட்டிருப்பது என் மைத்துனர். மனைவியோடு செப்டம்பர் மூன்றாம் வாரம் வருகிறார். ட்ராபன்-ட்ரார்பாக்கில் இரண்டு இரவு பதிவு செய்துவிட்டேன், ஜன்னல் ஆற்றுப் பக்கம். ஃபெடர்வைசர் பாட்டிலை நிமிர்த்தி வைக்க ஒரு பழைய வாளி தேடிக்கொண்டிருக்கிறேன்.